பழி பேட்டரிக்கு, தீனி எலிக்கு

ஏனுங் மாப்பள, மறுபடியும் புதுப் பேட்டரி வாங்கிப்போட்டீங்களாமா? தைப்பொங்கலுக்கு ஒண்ணு, ஆடிப்பெருக்குக்கு ஒண்ணு. கட்டின பொண்டாட்டிக்குக்கூட வருசத்துல ரெண்டு பட்டுச்சேலை எடுக்காத மனுசன், காருக்கு மட்டும் ரெண்டு பேட்டரி எடுத்திருக்கீங்க. தங்கமான மனசுங்க. உங்க வண்டி செல்ஃப் எடுக்கலீன்னாத்தான் பேட்டரிக் கடைக்காரரு வீட்டுல உலை கொதிக்குதுன்னு ஊருக்குள்ள பேச்சு. அன்னதானப் புண்ணியம் உங்களுக்குத்தான்.

கோவிச்சுக்காதீங்க. நீங்க படிச்சவங்க, கம்ப்யூட்டருக்கே வைத்தியம் பாக்கறவங்க. நான் லாரியில கிளீனரா ஏறி, ஸ்டீயரிங்கு புடிச்சு, முட்டி தேஞ்சு எறங்கினவன். நாமக்கல்லுப் பக்கம் பொறந்தவனுக்கு முட்டையும் லாரியும் யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. முட்டையை நீங்களே உரிச்சுத் தின்னுக்குவீங்க. மத்தது ரெண்டு வார்த்தை நான் சொல்லறேன், கேட்டாக் கேளுங்க.

குதிருல கொட்டி வெச்ச நெல்லு ஒரே வாரத்துல காலியாகுது. வெவரமானவன் மூணு கேள்வி கேப்பான். குதிரு ஓட்டையா? கொட்டினதே கொஞ்சமா? இல்ல, ராத்திரியில எலி திங்குதா? நீங்க ஒரு கேள்வியும் கேக்காம நேராப் போயி புதுக் குதிரு வாங்கிட்டு வந்திருக்கீங்க. எலி உங்களை வாழ்த்திக்கிட்டு இருக்கும்.

பேட்டரி குதிரு. டைனமோ நெல்லுக் கொட்டறது. அதை ஆல்டர்னேட்டர்னு சொல்லோணும்னு நீங்க திருத்துவீங்க, திருத்திக்கோங்க, எங்க பட்டறையில அது டைனமோதான். வண்டி நிக்கறப்ப கரண்டு குடிக்கற சாமானெல்லாம் எலி. இந்த மூணையும் வரிசையாப் பாக்கறதுக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். சில நூறு ரூபாய்க்குக் கெடைக்குது. ஆனா அதுல பாட்டுக் கேக்க முடியாது பாருங்க, அதனால உங்களுக்கு வாங்கத் தோணியிருக்காது.

மொதல்ல குதிரைப் பாப்போம். ராத்திரி முச்சூடும் நின்ன வண்டி. காலையில பல்லு வெளக்கறதுக்கு முன்னாலயே போயி மீட்டரை 20 வோல்ட் டிசியில வெச்சுப் புடியுங்க. செகப்பு ஒயரு பாசிட்டிவ்ல, கறுப்பு நெகட்டிவ்ல. வண்டியை ஓட்டிட்டு வந்த சூட்டோட புடிச்சா அது பொய் சொல்லும். மேலாக நிக்கற சார்ஜைக் காட்டி ஆளை ஏமாத்திப்போடும். உள்ள இருக்கறது ஆறு அறை. ஒவ்வொண்ணும் 2.1 வோல்ட். மொத்தம் 12.6. அந்தக் கணக்கு வந்தா பேட்டரி நெறைஞ்சு இருக்குது. 12.4ன்னா முக்கால். 12.2ன்னா பாதி. 12ன்னா கால்வாசி. 11.8க்கு வந்துட்டா அது காலிப் பேட்டரிங்க. "பன்னெண்டு வோல்ட் பேட்டரி, பன்னெண்டு காட்டுது, நல்லாத்தானே இருக்குது"ன்னு போன மாசம் என்ற கிட்டயே வந்து அளந்தீங்களே, அப்ப அது சாகக் கெடந்துச்சு.

கொறைஞ்சு காட்டினா உடனே தூக்கிப் போட்டுறாதீங்க. சார்ஜருல போட்டு நெறைச்சுப்போட்டுத்தான் தீர்ப்பு சொல்லோணும். 35 ஆம்பியர் அவர் பேட்டரின்னா மூணு மூணரை ஆம்பியர்ல ராத்திரி முழுக்க மெதுவா ஏத்தோணும். ஒரு மணி நேரத்துல வேணும்னு கடையில எச்சா ஏத்தச் சொன்னா உள்ள இருக்கற தண்ணி கொதிச்சுத் தகடு கெட்டுப்போயிரும். ஏத்தி எடுத்து, நாலஞ்சு மணி நேரம் சும்மா வெச்சுட்டு மறுபடியும் புடியுங்க. 12.6 நின்னா குதிரு ஓட்டையில்ல. பத்தரையிலயே நிக்குதுன்னா ஒரு அறை செத்துப்போச்சுன்னு அர்த்தம். அதுக்கு வைத்தியமில்ல, எடைக்குத்தான் போகும்.

நின்னு காட்டறது மட்டும் போதாதுங்க. செல்ஃப் அடிக்கறப்ப என்ன பண்ணுதுன்னு பாக்கோணும். ஒருத்தரு ஸ்டார்ட் பட்டனை அமுத்தட்டும், நீங்க மீட்டரைப் பாருங்க. பட்டனை அமுத்தற வேலையைத் தங்கச்சிக்குக் குடுங்க, உங்களுக்கு அவசரம் சாஸ்தி. செல்ஃப் மோட்டாரு நூறு, நூத்தம்பது ஆம்பியரை ஒரே மடக்குல கேக்கும். அப்பக்கூட 9.6 வோல்ட்டுக்குக் கீழ போகப்படாது. போச்சுன்னா உள்ள பலமில்ல. பேட்டரிக் கடையில லோடு டெஸ்டர்னு ஒண்ணு வெச்சு இதையேதான் பாப்பாங்க. பல கடையில சும்மாவே பாத்துக் குடுப்பாங்க. ஆனா உங்களைக் கண்டவொடனே அவங்க டெஸ்டரை எடுக்கறதில்ல, பில் புஸ்தகத்தை எடுக்கறாங்க. தப்பு அவங்க மேல இல்லீங்க.

வயசையும் பாருங்க. பேட்டரி மேல எந்த மாசம், எந்த வருசம் செஞ்சதுன்னு முத்திரை இருக்கும். நம்ம ஊரு வெயிலுக்கு மூணு, நாலு வருசம் ஒழைச்சா அது உத்தமப் பேட்டரி. குளுருதான் பேட்டரியைக் கெடுக்கும்னு பேசிக்குவாங்க. உண்மையில தகட்டை அரிக்கறது சூடு. சித்திரை வெயில் உள்ளுக்குள்ள தின்னு வெச்சதை மார்கழிக் காலையில செல்ஃப் எடுக்காதப்பத்தான் நாம கண்டுபுடிக்கறோம். திட்டு மட்டும் மார்கழிக்கு.

மூடி கழட்டற பேட்டரின்னா தண்ணி மட்டத்தைப் பாருங்க. டிஸ்டில்டு வாட்டர்தான் ஊத்தோணும். "குடிக்கற ஆர்ஓ தண்ணிதானுங்க மாமா, மனுசனுக்கே நல்லது"ன்னு ஊத்தியிருந்தீங்கன்னா, மனுசனுக்கு நல்லதெல்லாம் ஈயத்துக்கு நல்லதில்லீங்க. அதுல மிச்சமிருக்கற உப்பும் தகட்டைக் கெடுக்கும். ஆசிடும் ஊத்தாதீங்க. காயறது தண்ணி மட்டுந்தான், ஆசிடு உள்ளயேதான் கெடக்குது.

அப்புறம் அந்த டெர்மினல். வெள்ளையும் பச்சையுமாப் பூத்துக் கெடந்துச்சே, அதைப் பாத்துட்டுத் திருநீறுன்னு நெனச்சீங்களா? கரண்டு போற வழியையே அதுதான் அடைக்குது. நட்டைக் கழட்டறப்ப மொதல்ல நெகட்டிவ், மாட்டறப்ப கடைசியா நெகட்டிவ். மாத்திச் செஞ்சா ஸ்பானர் பாடியில பட்டு ஒரு தீபாவளி வரும். சுடுதண்ணியில ஆப்பச்சோடாவைக் கரைச்சு ஊத்தித் தேய்ச்சுக் கழுவி, காயவெச்சு, மாட்டினதுக்குப் பொறவு வாசலைன் தடவுங்க. கிளாம்பு லூசுன்னா அதுக்குள்ள டின் துண்டைச் சொருகிச் சுத்தியல்ல ரெண்டு போடு போடற மெக்கானிக்கை வாசல்லயே வணங்கி வழியனுப்புங்க. அந்தத் தலை ஈயம். அடிச்சா வேரோட ஆடும். புதுக் கிளாம்பு விலை பெரிய விலையில்ல.

எஞ்சினுக்குப் போற எர்த் ஒயரையும் மறக்காதீங்க. பேட்டரி நல்லாயிருந்து, பட்டனை அமுத்தினா ஒரே ஒரு "டக்"குனு மட்டும் கேட்டா, ஒயரையும் செல்ஃப் மோட்டாரையும் சந்தேகப்படுங்க. "டக்டக்டக்"குனு பொரியறாப்புல கேட்டா பேட்டரி எறங்கிக் கெடக்குது. இந்த ரெண்டு சத்தத்துக்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரியறதில்ல, ஏன்னா அந்நேரத்துல நீங்க கத்தற சத்தந்தான் எல்லாத்துக்கும் மேல கேக்குது.

குதிரு சரி. இனி கொட்டறதைப் பாப்போம். வண்டியை ஸ்டார்ட் பண்ணிப்போட்டு மீட்டரைப் புடியுங்க. 13.8ல இருந்து 14.4, 14.6 வரைக்கும் காட்டினா டைனமோ வேலை செய்யுது. லைட்டு, ஏசி, ஃபேன் எல்லாம் போட்டாலும் பதிமூணுக்கு மேல நிக்கோணும். பன்னெண்டிலயே தூங்குதுன்னா டைனமோ கொட்டலை, நீங்க இருக்கறதைத் தின்னுக்கிட்டு ஓடறீங்க. 15ஐத் தாண்டினா அதைவிட மோசம். ரெகுலேட்டர் கெட்டுப்போயி பேட்டரியை வேகவெச்சுக்கிட்டு இருக்குது. புது வண்டிங்கள்ல கம்ப்யூட்டரே டைனமோவை மேல கீழ ஆட்டும். பேட்டரி நெறைஞ்சிருந்தா சித்த நேரம் கம்மியாக் காட்டும். அதைப் பாத்துட்டு டைனமோ போச்சுன்னு ஒப்பாரி வைக்காதீங்க. ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்க, ஏறுச்சுன்னா நல்லாத்தான் இருக்குது. இக்னிஷன் போட்டவொடனே டேஷ்போர்டுல செகப்பாப் பேட்டரிப் படம் எரியும். ஸ்டார்ட் ஆனதும் அது அணையோணும். ஓடறப்ப எரிஞ்சா அது அலங்கார வெளக்கு இல்லீங்க. பெல்ட்டையும் தொட்டுப் பாருங்க, எஞ்சினை அணைச்சுட்டு. இதையும் சொல்லித்தான் ஆகோணும், உங்க கை எனக்குத் தெரியும்.

இதுல ஒரு கூத்தைச் சொல்லியே ஆகோணும். தினமும் காலையில வண்டியை ஸ்டார்ட் பண்ணி, வாசல்லயே அஞ்சு நிமிசம் உறும விட்டு, "பேட்டரி சார்ஜ் ஆகுது"ன்னு காபி குடிச்சுக்கிட்டு நிக்கறீங்க பாருங்க. ஐடிலிங்ல டைனமோ கொடுக்கறதே கொஞ்சம். அதுலயும் ஏசி ஓடுது, பாட்டு ஓடுது, போனு சார்ஜ் ஏறுது. பேட்டரிக்கு மிஞ்சறது உங்க காபித் தம்ளருல அடியில மிஞ்சற வண்டல்தான். பாதி எறங்கின பேட்டரி நெறைய மணிக்கணக்காகும். அதுலயும் கடைசிக் கால்பங்கு ஏறறது ரொம்ப நிதானம். அஞ்சு நிமிசத்துல பெட்ரோல் போச்சு, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இருமல் வந்துச்சு. அவ்வளவுதான் வரவு.

ரெண்டும் சரியா இருந்து, நாலு நாளு நின்னா வண்டி படுத்துக்குதுன்னா எலிதான். இப்பத்தான் வெளையாட்டே.

வண்டி தூங்கறப்பக்கூடக் கொஞ்சம் கரண்டு தின்னும். கடிகாரம், ரிமோட்டுக்குக் காத்திருக்கற பூட்டு, கம்ப்யூட்டரு ஞாபகம், இதெல்லாம் இருக்குதில்லீங்களா. 20ல இருந்து 50 மில்லி ஆம்பியர் வரைக்கும் நாயம். 50ன்னே வெச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர். 35 பேட்டரியில ரெண்டு வாரத்துல பாதி போச்சு. அதனால அமெரிக்காவுல மகன் வீட்டுக்குப் போயி ஒண்ணரை மாசம் இருந்துட்டு வந்து, வண்டி செல்ஃப் எடுக்கலீன்னு ஊரைக் கூட்டறவங்களுக்கு எலியே தேவையில்ல. போறப்ப நெகட்டிவைக் கழட்டி வெச்சுட்டுப் போனாப் போதும். கதவைத் தெறக்கச் சாவியிருக்குதான்னு மட்டும் பாத்துக்கோங்க.

எலியைப் புடிக்கறதுக்கு மீட்டரோட செகப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாத்தோணும். நெகட்டிவ் கேபிளைக் கழட்டி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவுல மீட்டரைக் கோக்கோணும். அந்நேரம் யாரும் செல்ஃப் அடிக்கப்படாது, அடிச்சா மீட்டருக்குள்ள ஃபியூஸ் போயிரும். வேலை முடிஞ்சதும் ஒயரை மறுபடியும் வோல்ட் துளைக்கு மாத்திப்போடுங்க. மாத்தாம வோல்ட் பாக்கறேன்னு பேட்டரியில வெச்சா ஷார்ட்டாகிப் பொறி பறக்கும்.

கதவைத் தெறந்து, அதோட பூட்டு நாக்கை ஸ்குரூ டிரைவரால தள்ளி விட்டுருங்க. கதவு மூடியிருக்குதுன்னு வண்டி நம்பிக்கும். பானெட்டுக்கும் பூட்டுல சுவிட்ச் இருந்தா அதையும் அப்பிடியே ஏமாத்துங்க. ஏமாத்தற வேலையில உங்களுக்குப் புதுசாச் சொல்லித் தர ஒண்ணுமில்ல. சாவியை வீட்டுக்குள்ள தூரமாக் கொண்டுபோயி வையுங்க. பொறவு அரை மணி நேரம், சில வண்டிக்கு ஒரு மணி நேரம், கை கட்டி உக்காரோணும். எல்லா கம்ப்யூட்டரும் தூங்கினாத்தான் சரியான கணக்கு வரும். இங்கதான் நீங்க தோப்பீங்க. அஞ்சாவது நிமிசம் "ஒரு ஆம்பியர் ஓடுது மாமா"ன்னு கத்திக்கிட்டு ஓடி வருவீங்க.

தூங்கினதுக்குப் பொறவும் நூறு, எரநூறு மில்லி ஆம்பியர் ஓடினா, ஃபியூஸ் பாக்ஸைத் தெறந்து ஒவ்வொரு ஃபியூஸாப் புடுங்கிப் பாருங்க. எதைப் புடுங்கறப்ப கணக்குச் சடாருன்னு விழுதோ, எலி அந்தப் பொந்துல இருக்குது. புடுங்கினா எங்கயாவது மறுபடியும் முழிச்சுக்கும்னு பயந்தீங்கன்னா, ஃபியூஸ் தலையில தெரியற ரெண்டு புள்ளியில மீட்டரை மில்லி வோல்ட்டுல வெச்சுப் பாருங்க. சுழி காட்டினா அதுல ஒண்ணும் ஓடலை. ஏதாச்சும் காட்டினா ஓடுது.

எல்லா ஃபியூஸும் புடுங்கியாச்சு, அப்பவும் ஓடுதா? டைனமோவுக்குள்ள டயோடு கசியுதான்னு பாக்கோணும். அது பகல்ல கொட்டறாப்புலக் காட்டிட்டு ராத்திரியில தானே திருடித் திங்கும். நெகட்டிவைக் கழட்டிப்போட்டு டைனமோவோட தடித்த ஒயரை விடுவிச்சு, ஒயரு தலையை எங்கயும் படாமச் சுத்தி வெச்சுட்டு, மறுபடி அளந்து பாத்தாத் தெரிஞ்சுபோகும்.

ஆனா உங்க வண்டிக்கு இவ்வளவு தூரம் போகவே வேண்டியதில்லீங்க மாப்பள. கம்பெனி போட்ட ஒயரு ஒரு பங்கு, நீங்க போட்டது மூணு பங்கு. சீட்டுக்கு அடியில ஊஃபரு. கால் வைக்கற எடத்துல நீல வெளக்கு. அதை யாரு பாக்கறாங்க, உங்க செருப்பா? கண்ணாடியில கேமரா, வண்டி நின்னாலும் ராத்திரியெல்லாம் படம் புடிக்குது. கால் ஆம்பியர் எடுத்தாலும் ஒரு நாளைக்கு ஆறு ஆம்பியர் அவர். அதுல பதிவானது என்னன்னு பாத்தீங்களா? நம்ம கறுப்பு நாய் டயருல காலைத் தூக்கினது. அதுக்கு ஒரு பேட்டரி விலை.

பாட்டுப் பெட்டியைப் போட்டானே அந்தப் பையன், மஞ்ச ஒயரும் செகப்பு ஒயரும் பேட்டரிக்கே நேரா முடிஞ்சிருக்குதான்னு பாருங்க. மஞ்ச எப்பவும் கரண்டு வேணும்ங்கறது. செகப்பு சாவி போட்டாத்தான் கரண்டு வரோணும்ங்கறது. ரெண்டையும் ஒண்ணாக் கட்டிட்டா பெட்டிக்குத் தூக்கமே கெடையாது. டிக்கி வெளக்கும் அப்பிடித்தான். அஞ்சு வாட்டுப் பல்பு, ரெண்டு நாளு அணையாம எரிஞ்சா பாதிப் பேட்டரிக்கு மேல காலி. மூடினா அணையுதான்னு எப்பிடித் தெரியும்னு கேப்பீங்க. உள்ள பூந்து படுத்துப் பாக்காதீங்க, தொப்பை இடிக்கும். போனுல வீடியோ ஓடவிட்டு டிக்கிக்குள்ள வெச்சு மூடுங்க. தெறந்து எடுத்துப் பாத்தாத் தெரிஞ்சிரும். ஆறு மாசமாப் போனைக் கையில புடிச்சதுக்கு அது செய்யற மொத உருப்படியான வேலை அதுதான்.

பட்டன் ஸ்டார்ட் சாவியை எங்க மாட்டுறீங்க? வாசல் ஆணியில. வண்டி அதுக்கு நாலடி தள்ளி நிக்குது. சாவி பக்கத்துலயே இருந்தா சில வண்டி தூங்காம மொதலாளி வராருன்னு காத்துக்கிட்டே கெடக்கும். உள்ள கொண்டுபோயி மாட்டுங்க. நெசமான எலியும் இருக்குதுங்க, அதையும் பாருங்க. பானெட்டுக்குள்ள ஒயரைக் கடிச்சு வெச்சிருந்தா ரெண்டு ஒயரு ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டுக் கரண்டைக் குடிக்கும்.

எறங்கின பேட்டரியை அப்பிடியே போட்டு வைக்கறதும் பாவம். தகட்டுல ஈய சல்பேட்டு கெட்டியாப் படிஞ்சுபோகும், பொறவு எவ்வளவு ஏத்தினாலும் ஏறாது. எலியைப் புடிக்காம புதுசு போட்டா ஆறே மாசத்துல புதுசும் பழசாகறது இப்பிடித்தான். கடைக்காரரு குடுத்தது மோசமான சரக்குன்னு சண்டைக்குப் போனீங்களே, அவரு நல்ல சரக்குத்தான் குடுத்தாரு. சாகடிச்சது நீங்க.

அவசரத்துக்கு வண்டியைத் தள்ளச் சொல்லி நாலு பயலுகளைக் கூப்பிட்டீங்களாமே. ஆட்டோமேட்டிக் கியரு வண்டி! தள்ளினா ஈரோடு வரைக்கும் தள்ளலாம், ஸ்டார்ட்டு மட்டும் ஆகாது. கியரு போடற வண்டியா இருந்தாலும், பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சமாச்சும் கரண்டு மிச்சமிருக்கோணும். 1912ல அமெரிக்காவுல காடிலாக் வண்டிக்கு செல்ஃப் மோட்டாரு வந்துச்சு. அதுக்கு முன்னால முன்பக்கம் ஹேண்டிலைச் சொருகிச் சுத்தோணும், திருப்பி அடிச்சா மணிக்கட்டு போச்சு. நம்ம அம்பாசடருலயும் ஹேண்டில் இருந்துச்சு. பேட்டரி செத்தாலும் மானம் போகாது. உங்க வண்டியில சாவித் துளைகூட இல்ல, பட்டனை அமுத்தி அமுத்தி வெரலுதான் தேயுது.

ஜம்ப்பர் ஒயருன்னா மொறை இருக்குது. செகப்பு மொதல்ல செத்த பேட்டரியோட பாசிட்டிவ்ல, மறுதலை நல்ல வண்டிப் பாசிட்டிவ்ல. கறுப்பு நல்ல வண்டி நெகட்டிவ்ல, மறுதலை செத்த வண்டியோட எஞ்சின் இரும்புல. பேட்டரிகிட்ட பொறி வரப்படாது, உள்ள இருந்து வர்ற ஹைட்ரஜன் வாயு வெடிக்கும். பீடி புடிச்ச ஆளு பத்தடி தள்ளி நிக்கட்டும். இன்னொண்ணு, என்ற மருமகன் லாரியைப் பாத்தவொடனே ஒயரைத் தூக்கிட்டு ஓடாதீங்க. பெரிய லாரி 24 வோல்ட். உங்க காரு 12. ஒட்டினீங்கன்னா பேட்டரி மட்டுமில்ல, அந்த நீல வெளக்கு, ஊஃபரு, கேமரா எல்லாத்துக்கும் ஒரே நாளுல கருமாதி. யோசிச்சுப் பாத்தா எலித் தொல்லை அப்பிடியும் தீரும்தான். ஆனா கம்ப்யூட்டரும் கூடவே போகும்.

இதெல்லாம் பாத்து, குதிரே ஓட்டைன்னு நெசமாத் தெரிஞ்சா அப்பப் புதுசு வாங்குங்க. சிக்னல்ல தானே அணைஞ்சு தானே ஸ்டார்ட் ஆகற வண்டின்னா அதுக்குன்னு இருக்கற பேட்டரியே போடோணும், விலை கம்மின்னு சாதாரணத்தைப் போட்டா சீக்கிரமே படுத்துக்கும். பழசைக் கடையிலயே குடுத்துக் காசைக் கழிச்சுக்கோங்க, உள்ள இருக்கற ஈயத்துக்கு விலையுண்டு. மொட்டை மாடியில போட்டு வைக்க அது குலதெய்வமில்ல.

கடைசியா மருந்து. வாரத்துல ஒரு நாளு, நிக்காம முக்கால் மணி நேரம் ஒரு மணி நேரம் வண்டியை ஓட்டோணும். ஆஞ்சநேயரு கோயிலுக்குப் போயிட்டு வந்தேன்னு கணக்குக் காட்டாதீங்க. அவரு பக்கத்துலயே நிக்கறாரு, அவரைப் பாத்துட்டு வந்தா புண்ணியம் ஏறும், பேட்டரி ஏறாது. எஞ்சின் நல்லா சுத்தற தூரமாப் பாக்கோணும். நான் ரோசனை பண்ணிப் பாத்தேன், கொல்லிமலைதான் சரியா வருது. எழுவது கொண்டை ஊசி வளைவு. எஞ்சின் இழுத்துக்கிட்டே ஏறும், டைனமோ கொட்டிக்கிட்டே வரும். மேல அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுக்கலாம், வரும்போது மலைவாழைப் பழம் ஒரு தாரு வாங்கிக்கலாம். எனக்கு இதுல ஒரு லாபமுமில்லீங்க, பேட்டரிக்கோசரந்தான் சொல்லறேன். ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் வந்துருங்க. முட்டி மடங்காது, முன்சீட்டு எனக்கு. அந்த ஊஃபருல பழைய பாட்டா நாலு வெச்சுக்கோங்க.